கழக்கூட்டத்திலிருந்து தீவுகளுக்கு: கடற்பயணம் திட்டமிடும் முறை

திருவனந்தபுரம் மாநகரின் வடபகுதியில், தேசிய நெடுஞ்சாலை 66-இன் ஓரமாக அமைந்த கழக்கூட்டத்துக்கும் அரபிக்கடலுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே உண்டு. 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கில் வேலை கிடைத்துத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குத் தும்பா, பெருமாதுறைக் கடற்கரைகள் விடுமுறை நாளின் மாலைப்பொழுதுக்கு உரிய இடங்களாகப் பழகிவிட்டன. அந்தக் கரையிலிருந்து நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால், அது 400 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் லட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியான மினிக்காய்க்குக் கொஞ்சம் வடக்காகச் செல்லும். ஆயினும் திருவனந்தபுரம் மாவட்டக் கரையிலிருந்து அத்தீவுக்கு ஒழுங்காக ஓடும் பயணிகள் கப்பல் இல்லை. 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் கழக்கூட்டத்திலிருந்து புறவழிச்சாலை வழியாக எளிதில் எட்டக்கூடியது எனினும், பெரிய கப்பலில் வந்த சரக்குப் பெட்டகங்களைச் சிறிய கப்பல்களுக்கு மாற்றி அனுப்புவதே அதன் பணி. எனவே தீவுகளை நோக்கிப் புறப்படுபவர் முதலில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே கொச்சிக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

இந்த இயல் பெரும்பகுதி லட்சத்தீவுப் பயணத்தையும், இறுதியில் சுருக்கமாக அந்தமான், இலங்கை, இந்தியப் பெருங்கடலின் அப்புறத் துறைமுகங்கள் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்கிறது. லட்சத்தீவுக்கு முதலிடம் தரக் காரணம் அருகாமை மட்டும் அன்று. இரவெல்லாம் கப்பல் ஓட, பகலில் ஒரு தீவில் இறங்கி, மாலையில் மீண்டும் கப்பலேறி, மறுநாள் வேறொரு தீவின் முன் விழிக்கும் நெடுங்கடற் பயணத்தின் முழு இலக்கணமும் இங்கே ஐந்தே நாட்களில் கைக்கு வருகிறது. ஆனால் தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். லட்சத்தீவு நிர்வாகம் இயக்கும் கப்பல்கள் உல்லாசத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. கொச்சி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளும், கல்லூரிக்குச் செல்லும் மாணவர்களும், அரிசியும் மருந்தும் வாங்கிச் செல்லும் குடும்பங்களும் நம்பியிருக்கும் அன்றாடப் போக்குவரத்து அவை. சுற்றுலாப் பயணிக்குக் கிடைப்பது அந்தத் தேவைக்குப் பின் எஞ்சும் இடமே என்பதை ஏற்றுக்கொண்டு திட்டமிடுபவரே ஏமாற்றமின்றித் திரும்புவார்.

காலம் பார்த்தல்

கடற்பயணத் திட்டத்தில் பணத்தையும் விடுமுறையையும் முந்திக்கொண்டு நிற்பது பருவம். ஜூன் தொடக்கத்தில் கேரளக் கரையை எட்டும் தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் வரை அரபிக்கடலைக் கொந்தளிப்பாகவே வைத்திருக்கும். அம்மாதங்களில் தீவுக் கப்பல்களின் ஓட்டம் குறைவதோடு, கரையோரம் படகில் மாறி இறங்குவதும் இடர் நிறைந்ததாகிறது. இதனால் அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரையே சுற்றுலாப் பருவமாகக் கொள்ளப்படுகிறது. அதிலும் அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை புயல்களுக்கு இடமுண்டு. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக்கு அருகே கடந்த ஓகிப் புயல் பூந்துறை, விழிஞ்ஞம், கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்கள் ஆகியவற்றின் மீனவர் பலரைப் பலிகொண்டு, அடுத்த இரு நாட்களில் லட்சத்தீவைக் கடந்து சென்றது. அந்த இழப்பின் நினைவு இந்தக் கரையில் இன்னும் ஆறவில்லை. ஆகவே முதன்முறை செல்வோர்க்கு ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரையிலான காலமே ஏற்றது. அப்போது கடல் அமைந்திருக்கும், நீர் தெளிந்திருக்கும், வெயிலும் ஏப்ரல் மாதத்தைப் போல் வாட்டாது.

ஏப்ரல், மே மாதங்களில் பயணம் செய்வோர் ‘கள்ளக்கடல்’ பற்றியும் அறிந்திருக்க வேண்டும். தென் இந்தியப் பெருங்கடலில் வெகு தொலைவில் எழும் புயற்காற்று உண்டாக்கும் நீண்ட அலைகள், பல நாட்கள் பயணம் செய்து, இங்கே காற்றோ மழையோ சிறிதும் இல்லாத வேளையில் கரையேறுவதைத் திருவனந்தபுரம் கடற்கரை மக்கள் அப்பெயரால் வழங்குகின்றனர். வானம் தெளிந்திருப்பதைக் கண்டு கடலும் அமைதியாக இருக்கும் என்று எண்ணிவிடும் வெளியூர்ப் பயணி, படகு இறக்கம் ஏன் நிறுத்தப்பட்டது என்று புரியாமல் கப்பல் ஊழியரிடம் வாதாடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஹைதராபாதிலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை முன்னறிவிப்பையும், இந்திய வானிலைத் துறையின் கடல் அறிக்கையையும் புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் நாள்தோறும் பார்ப்பது நல்ல பழக்கம்.

அனுமதியும் பயணச்சீட்டும்

லட்சத்தீவுக்குள் நுழைய இந்தியக் குடிமக்களுக்கும் அனுமதிச்சீட்டு தேவை. தீவுகளில் நுழைவதையும் தங்குவதையும் கட்டுப்படுத்தும் 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி இது நடைமுறையில் உள்ளது. தீவின் பூர்வகுடியினர் பெரும்பாலும் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டவர்கள் என்பதும், மக்கள் வாழும் பத்துத் தீவுகள் உட்பட ஒன்றியப் பகுதியின் மொத்த நிலப்பரப்பே 32 சதுர கிலோமீட்டர் என்பதும், 2011 கணக்கெடுப்பின்படி அதில் 64,000-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர் என்பதும் இந்தக் கட்டுப்பாட்டின் நியாயத்தை விளக்கப் போதுமானவை. அனுமதி பெற இரண்டு வழிகள் உள்ளன. நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ‘ஸ்போர்ட்ஸ்’ கழகத்தின் தொகுப்புப் பயணத்தில் சேர்ந்தால் அனுமதி, கப்பல் இடம், தீவில் உணவு, வழிகாட்டி ஆகிய அனைத்தும் ஒன்றாக முடிந்துவிடும். தனியாகச் செல்ல விரும்பினால், தீவுவாசி ஒருவர் தம் விருந்தினராக ஏற்று ஆதரவு தெரிவிக்க வேண்டும். அதன்பின் கப்பல் இடத்தைத் துறைமுகத் துறையின் வழியாகத் தனியே தேட வேண்டும். முதன்முறை செல்வோர்க்கு முதல் வழியே நல்லது.

விண்ணப்பத்துடன் அடையாளச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு காவல்துறையின் நற்சான்றும் கேட்கப்படுகிறது. கழக்கூட்டத்தில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, ஆதார் அட்டையில் நாகர்கோவில் அல்லது மதுரை முகவரியை வைத்திருப்பவர் இங்கேதான் தடுமாறுகிறார். சான்று எந்த முகவரிக்கு உரிய காவல் நிலையத்திலிருந்து வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே நிர்வாகத்தின் கொச்சி அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது பல வார அலைச்சலை மிச்சப்படுத்தும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனி அனுமதி வேண்டும் என்பதால், முதியோரின் அடையாள அட்டையிலும் பயணச்சீட்டிலும் பெயர் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே ஓரிடத்திலும் பின்னே வேறோரிடத்திலும் வருவது தமிழர் ஆவணங்களில் வழக்கமான சிக்கல்.

கப்பல் அட்டவணை நிலையானது அன்று. 700 பேர் செல்லக்கூடிய ‘எம்.வி. கவரத்தி’ விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்டது. ‘லகூன்ஸ்’, ‘கோரல்ஸ்’ ஆகிய இரண்டும் தலா 400 பேருக்கானவை, கொழும்புக் கப்பல்கட்டும் தளத்தில் உருவானவை. இவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதுபார்ப்புக்கு ஒதுங்கினாலும், தீவு மக்களின் இடர்ப்பாட்டைத் தவிர்க்க மற்றவை திருப்பிவிடப்பட்டு, சுற்றுலாத் தொகுப்புகள் தள்ளிப்போகும் அல்லது நிறுத்தப்படும். எனவே கப்பல் இடம் எழுத்தில் உறுதியான பின்னரே ரயில் சீட்டு, விடுமுறை விண்ணப்பம் ஆகியவற்றுக்குச் செல்ல வேண்டும். திரும்பும் நாளுக்குப் பின் இரண்டு நாட்களேனும் கையிருப்பில் வைத்துக்கொள்வது அவசியம். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தோடு ஞாயிறன்று கரைசேரத் திட்டமிடுபவர் கடற்பயணத்துக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை.

கொச்சியில் கப்பலேறுதல்

கழக்கூட்டம் ரயில் நிலையத்தில் எல்லா விரைவு ரயில்களும் நிற்பதில்லை. பலருக்குத் திருவனந்தபுரம் சென்ட்ரலோ, கொச்சுவேலி என்று முன்பு அழைக்கப்பட்ட திருவனந்தபுரம் வடக்கு நிலையமோ வசதியாக இருக்கும். கோட்டயம் வழி, ஆலப்புழை வழி இரண்டுமே எர்ணாகுளத்தை நான்கு முதல் ஐந்து மணி நேரத்தில் அடைவிக்கும். ஆலப்புழைத் தடம் தொலைவில் குறைந்தது எனினும், எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துச் சீட்டு எடுக்க வேண்டும். எர்ணாகுளம் சந்திப்பு, அதாவது தெற்கு நிலையமே துறைமுகத்துக்கு அருகில் உள்ளது. கப்பல் நண்பகலுக்குப் பின் புறப்படுவதாக இருந்தாலும் அதே நாள் காலை ரயிலை நம்பாமல் முந்தைய மாலையே கொச்சியை அடைவது உத்தமம்.

லட்சத்தீவுக் கப்பல்கள் நிற்கும் வில்லிங்டன் தீவு இயற்கையாக அமைந்தது அன்று; ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் 1920-களிலும் 30-களிலும் கொச்சிக் காயலின் கழிமுகத்தைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி உருவாக்கியது. சுற்றுலா அலுவலகம், துறைமுகத் துறை, பயணிகளின் உடைமைகளைச் சோதிக்கும் மையம் ஆகியவை இங்கேயே இருப்பதால், சீட்டும் அனுமதியும் தொடர்பான எந்தக் குறையையும் கடைசி நாளில்கூட நேரில் தீர்த்துக்கொள்ள முடியும். சோதனை மையத்தில் மது கண்டிப்பாகத் தடுக்கப்படும். பங்காரம் தவிர மற்ற தீவுகளில் மதுவிலக்கு நடைமுறையில் இருப்பதால் இதில் தளர்வை எதிர்பார்க்கக் கூடாது. உடைமைகளை இரண்டாகப் பிரித்து, பெரிய பையைக் கேபினில் விட்டுவிட்டு, அன்றாடம் தீவில் இறங்கும்போது தோளில் மாட்டிச் செல்லத்தக்க சிறு பையில் மாற்றுடை, துண்டு, தொப்பி, மருந்து, அனுமதிச்சீட்டு ஆகியவற்றை நீர்புகாத உறையில் வைப்பது மிகவும் பயன்தரும்.

கப்பலில் இரவும் பகலும்

இக்கப்பல்களில் இருவர் அல்லது நால்வர் தங்கும் குளிரூட்டிய கேபின்களும், வரிசையாகப் படுக்கைகளோ சாய்விருக்கைகளோ அமைந்த பொதுக்கூடமும் உண்டு. கல்பேனி ஏறத்தாழ 290 கிலோமீட்டர், மினிக்காயும் கவரத்தியும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், கொச்சியிலிருந்து எந்தத் தீவுக்கும் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம் ஆகலாம். கடலில் தொலைவு கிலோமீட்டரில் அன்றிக் கடல்மைலில் அளக்கப்படுகிறது. ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர், ஒரு மணிக்கு ஒரு கடல்மைல் செல்லும் வேகம் ஒரு ‘நாட்’. கப்பலின் அறிவிப்புகள் இந்த அளவைகளிலேயே வரும் என்பதால் அவற்றை முன்பே அறிந்துகொள்வது நலம்.

பயணிகளில் பலரை வாட்டுவது கடல்நோய். உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர்த்த, கேபினின் அசையாச் சுவரைக் காணும் கண்கள் அசைவே இல்லை என்று உணர்த்த, இரண்டுக்கும் இடையிலான முரண்பாட்டால் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. கப்பலின் முன்முனையான அணியமும் பின்முனையான அமரமும் மிகுதியாக ஏறி இறங்குபவை. நடுப்பகுதியின் கீழ்த்தளம் குறைவாக ஆடும். எனவே இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் சாளரம் உள்ள மேல்தளக் கேபினைவிட நடுப்பகுதியின் கீழ்த்தளக் கேபினே முதியோர்க்கு ஏற்றது. குமட்டல் தொடங்கினால் படுத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்ப்பதைத் தவிர்த்து, திறந்த தளத்துக்கு வந்து தொடுவானத்தின் மீது பார்வையை நிறுத்த வேண்டும். மாத்திரைகள் குமட்டல் வந்த பின் எடுப்பதைவிடப் புறப்படும் முன் எடுத்தால்தான் பயன்படும். கருவுற்றோர், குழந்தைகள், கண் அழுத்த நோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கலாகாது. வெறும் வயிறு கடல்நோயைத் தடுக்கும் என்ற எண்ணம் பரவலாக உண்டெனினும் அது தவறு. இட்லியோ மோர்ச்சோறோ போன்ற எளிய உணவைச் சிறிதளவு உண்பதே நல்லது.

புறப்பட்டதும் நடத்தப்படும் பாதுகாப்புப் பயிற்சியைத் தவிர்க்கக் கூடாது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியதைத் தொடர்ந்து 1914-இல் உருவான கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் ஆபத்து அறிவிப்பாகும்; அது கேட்டவுடன் உயிர்காப்பு அங்கியுடன் கூட வேண்டிய இடம் எது, அங்கே செல்ல எந்தப் படிக்கட்டு, விளக்கணைந்தால் கைப்பிடியைத் தடவிக்கொண்டு எத்தனை கதவுகளைக் கடக்க வேண்டும் என்பனவற்றைக் குழந்தைகளையும் உடன் அழைத்துச் சென்று ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். கரையை விட்டகன்ற சில மணி நேரத்தில் கைப்பேசி அலைவரிசை மறையும். கொச்சியிலிருந்து தீவுகளுக்குக் கடலடியில் இழுக்கப்பட்ட ஒளியிழை வடம் 2024 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தபின் தீவுகளில் இணையம் மேம்பட்டிருப்பினும், நடுக்கடலில் அலுவலக வேலையைத் தொடரலாம் என்று எண்ணுவது வீண்.

மூன்று தீவுகள்

‘சமுத்திரம்’ என்னும் ஐந்து நாள் தொகுப்பு கல்பேனி, மினிக்காய், கவரத்தி ஆகிய மூன்றையும் இணைக்கிறது. வரிசை கடலின் நிலையைப் பொறுத்து மாறலாம். தீவு ஒவ்வொன்றும் பவளப்பாறைகள் கடலடி மலைகளின் உச்சியில் வளர்ந்து உருவான மேடு. கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே எழுவது. அதன் ஒரு பக்கத்தில் பாறை வேலிக்குள் அடைபட்ட ஆழமற்ற நீர்ப்பரப்பு இருக்கும். லகூன் என்று வழங்கும் அப்பரப்புக்குள் பெரிய கப்பல் நுழைய முடியாது. ஆகவே பல இடங்களில் கப்பல் வெளியே நிற்க, பயணிகள் பக்கவாயில் வழியாகப் படகுக்கு மாறுகிறார்கள். இம்மாற்றமே பயணம் முழுவதிலும் அதிகக் கவனம் வேண்டும் கணம். அலையோடு படகு ஏறி இறங்கும். அது மேலெழுந்து கப்பல் வாயிலின் மட்டத்துக்கு வரும் நொடியில், மாலுமி சொல்லும்போது மட்டுமே, இரு கைகளும் வெறுமையாக இருக்கக் காலெடுத்து வைக்க வேண்டும். பையை முன்னரே மாலுமியிடம் கொடுத்துவிடலாம். குழந்தையைத் தாமே தூக்கிக்கொண்டு தாண்ட முயலக் கூடாது. அப்பணியில் கைதேர்ந்த மாலுமிகள் இருக்கிறார்கள். முழங்கால் வலி உடையவர்களுக்கு இப்பயணத்தைப் பரிந்துரைக்கும் முன் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது குடும்பத்தாரின் கடமை.

கல்பேனியில் நீச்சலும், மூச்சுக்குழாய் வைத்து நீர்மட்டத்திலிருந்து பவளப்பாறைகளைப் பார்க்கும் ‘ஸ்நார்கெலிங்’கும் பயணிகளை ஈர்க்கின்றன. அதன் கிழக்கு, தென்கிழக்குக் கரையில் குவிந்து கிடக்கும் பவளக் கற்களின் மேட்டையும் பார்த்து வருவது நல்லது. 1847-இல் வீசிய பெரும்புயல் அவற்றைக் கடலிலிருந்து வாரி வீசியதாக அறியப்படுகிறது. இவ்வளவு தாழ்ந்த நிலத்தில் வாழ்வது என்ன என்பதை அந்த மேடு கண்முன் காட்டுகிறது. 1964-இல் கோழிக்கோட்டிலிருந்து தலைமையகம் மாற்றப்பட்ட கவரத்தியில் மரச்செதுக்கல் கூரை கொண்ட உஜ்ரா பள்ளிவாசல் புகழ்பெற்றது. இதனினும் குறைவாகவே பயணிகளுக்குத் தெரிந்தது, சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் அங்கே அமைத்த கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். கடலின் மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்கப்படும் குளிர்நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து, நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தரும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. தீவின் மணலுக்கடியில் உப்புநீர்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம் ஒன்றே முன்பு மக்களின் ஆதாரமாக இருந்தது. விருந்தினர் ஒருவர் நீண்ட நேரம் குழாயைத் திறந்துவிட்டுக் குளிப்பது இங்கே எவ்வளவு பெரிய பிழை என்பது இதிலிருந்து விளங்கும்.

மினிக்காய் மற்றத் தீவுகளினின்றும் முற்றிலும் வேறானது. நேரம் குறைவாக இருந்தால் மற்ற இரண்டில் ஒன்றைச் சுருக்கியேனும் இதற்கு முழுநாளையும் ஒதுக்குவது தகும். மற்றத் தீவுகளிலிருந்து ஒன்பது பாகைக் கால்வாய் என்னும் அகன்ற கடற்பரப்பு இதைப் பிரிக்கிறது. தெற்கே எட்டு பாகைக் கால்வாயைக் கடந்தால் மாலத்தீவு. கால்வாய் என்ற சொல் இங்கே தீவுகளுக்கு இடையிலுள்ள கப்பல் வழியைக் குறிக்கிறது; பாகை அவ்வழியின் நிலநேர்க்கோட்டைக் குறிக்கிறது. சூயஸ் கால்வாயிலிருந்து சிங்கப்பூர் நோக்கிச் செல்லும் கப்பல்களின் பெருவழி ஒன்பது பாகைக் கால்வாய் ஊடாகச் செல்வதால், 1885-இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் இத்தீவின் அடையாளமாக நிற்கிறது. மற்றத் தீவுகளில் மலையாளத்தின் கிளைமொழியான ஜெசரி பேசப்பட, இங்கே மாலத்தீவின் திவேகியோடு ஒன்றான மஹல் மொழி வழங்குகிறது. அது தானா என்னும் எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதப்படுகிறது. பதினொரு சிற்றூர்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் பொதுமனையையும் தலைவரையும் கொண்டு வாழும் இம்மக்கள் தலைமுறை தலைமுறையாக உலகக் கப்பல்களில் மாலுமிகளாகப் பணியாற்றி வருபவர்கள். ஆகவே அவர்கள் முன் கடலைப் பற்றிப் பேசுவதைவிடக் கேட்பதே பயணிக்குப் பயன்.

இவர்களின் மீன்பிடி முறையும் கவனத்துக்குரியது. லகூனில் சிறுமீன்களை உயிருடன் பிடித்து, கடலில் சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை வீசி ஈர்த்து, வலையின்றித் தூண்டிற்கோல்களால் ஒவ்வொன்றாக இழுத்துப் படகில் போடுகிறார்கள்; வேண்டாத உயிர்கள் சிக்கி மடிவது இதில் மிகக் குறைவு. அந்தச் சூரையை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தியதே தூத்துக்குடி, கன்னியாகுமரிச் சமையலறைகள் அறிந்த மாசி. தீவிலிருந்து எதையேனும் வாங்கிவர விரும்புபவர் மாசியையும் தேங்காய்ப் பொருட்களையும் வாங்கலாம். கரையில் கிடக்கும் பவளத்துண்டு ஒன்றைக்கூடப் பையில் எடுத்துக்கொள்ளலாகாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் இடம்பெற்றுள்ளதால் அது தண்டனைக்குரிய குற்றம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளிறி மடிந்த தீவுகளில், கால்வைத்து மிதிப்பதும் கைப்பிடியாகப் பற்றுவதும் எஞ்சியவற்றையும் அழிக்கும். மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதால், ஊருக்குள் நடக்கும்போது தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்; பெண்களையும் வீடுகளையும் இசைவின்றிப் படமெடுப்பது தகாது.

அப்பாலுள்ள கடல்கள்

லட்சத்தீவுப் பயணத்தில் உடலும் மனமும் கடலுக்கு இசைந்துவிட்டதாக உணர்பவர் அடுத்துக் கருத வேண்டியது சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் கப்பல். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் வரை ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். அறுபது மணி நேர அளவில் ஆகும். இடையில் தீவோ துறைமுகமோ இல்லாமல் நாள் முழுதும் நீரையே காணும் அனுபவம் இதில்தான் கிடைக்கிறது. ‘நன்கவுரி’, ‘நிகோபார்’ முதலிய கப்பல்களுக்கு மாதத்துக்குச் சில புறப்பாடுகளே உண்டு. சென்னை ராஜாஜி சாலையிலுள்ள இந்தியக் கப்பல் கழக அலுவலகம் இதற்குரிய இடம். பங்க் எனப்படும் பொதுக்கூடப் படுக்கை மிக மலிவானது எனினும், முதன்முறையாகச் செல்லும் குடும்பம் கேபினுக்குச் செலவிடுவதே நன்று. இந்தியக் குடிமக்களுக்கு ஸ்ரீ விஜயபுரம் செல்ல அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை. பழங்குடிக் காப்புப் பகுதிகளுக்கும் நிகோபாருக்கும் தனி அனுமதி வேண்டும்.

தமிழர்க்கு நெடுங்கடற் பயணம் புதிதன்று. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடி, தோட்டத்துக்கும் கடைக்கும் சென்ற தலைமுறைகளைச் சுமந்தது. அதன்பின் அத்தடத்தில் ஓடிய ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு அந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, இடைவெளிக்குப் பின் 2024 ஆகஸ்டில் மீண்டும் இயங்கியது; சில மணி நேரப் பயணமே எனினும், யாழ்ப்பாணத்தைக் கடல்வழி அடைய விரும்புவோர் வடகிழக்குப் பருவமழைக் காலத்தை விலக்கித் திட்டமிட வேண்டும்.

உல்லாசக் கப்பல்களைப் பொறுத்தவரை, 1990-இல் கட்டப்பட்ட ‘எம்பிரஸ்’ கப்பலை இயக்கும் கோர்டேலியா நிறுவனம் மும்பையிலிருந்து கொச்சி, லட்சத்தீவு எனவும், 2022 ஜூன் முதல் சென்னையிலிருந்தும், 2023-இல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எனவும் பயணங்களை நடத்தியுள்ளது. தடங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். கொச்சி எர்ணாகுளம் வார்ஃபில் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ‘சாகரிகா’ முனையம் உலகம் சுற்றிவரும் பெருங்கப்பல்களை வரவேற்கிறது. கழக்கூட்டத்துக்கு மிக அருகில் அத்தகைய கப்பலைக் காணக்கூடிய இடம் இதுவே. அப்பெருங்கப்பல்களின் உலகப் பயணத்தில் ஒரு கட்டத்துக்கு மட்டும் இடம் பெறுவது சில நேரங்களில் இயலும்.

அந்நியத் துறைமுகங்களைத் தொடும் பயணத்தில் கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பின்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் விசா விதியைத் தனித்தனியே பார்க்க வேண்டும். மாலத்தீவு வந்திறங்கும்போதே விசா தருகிறது, மொரீஷியசும் செஷல்சும் இந்தியரிடம் முன்விசா கேட்பதில்லை, ஆனால் கரையில் இறங்கவே எண்ணாத பயணியிடமும் விசாவைக் கட்டாயமாகக் கேட்கும் கப்பல் நிறுவனங்கள் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் தடத்தில் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படலாம்; கொச்சித் துறைமுகச் சுகாதார அலுவலகத்தில் அதைப் பெறலாம். ஊசி போட்டுப் பத்து நாட்களுக்குப் பின்னரே சான்று செல்லுபடியாகும், அதன்பின் வாழ்நாள் முழுதும் போதும். காப்பீடு எடுக்கும்போது, நடுக்கடலிலிருந்து நோயாளியை வெளியேற்றும் செலவு அதில் அடங்குமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். கப்பல் மருத்துவரின் கட்டணமும் கரையிலுள்ளதைவிடப் பன்மடங்கு கூடுதல்.

கடைசியாக நேரம். மாலத்தீவு இந்திய நேரத்துக்கு அரை மணியும், செஷல்ஸ், மொரீஷியஸ் இரண்டும் ஒன்றரை மணியும் பின்தங்கியவை. கப்பலோ தான் அறிவிக்கும் நேரத்தையே பின்பற்றும், அது சில சமயம் கரையின் நேரத்தோடு ஒத்திருக்காது. கைப்பேசி கரையின் அலைவரிசையைப் பற்றியதும் தானாகவே மாறிவிடுவதால், இறங்கும்போது சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதித்தால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாக வாடகை வண்டி பிடித்துச் சென்றவருக்காகக் காத்திருக்காது. ஆகவே நாள்தோறும் கேபினுக்கு வரும் அச்சிட்ட தாளில் உள்ள உள்ளூர்த் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணையும் ஏறவேண்டிய கடைசி நேரத்தையும் தனித்தாளில் எழுதி, கடவுச்சீட்டின் நகலோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கரையிறங்க வேண்டும்.